புதுப்பிப்பு: 1.025-இல் நின்ற பேல் ஏல் பீர், சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: 20 லிட்டர் பேல் ஏல், தொடக்க அடர்த்தி 1.050 (தண்ணீர் 1.000; சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இது இறங்கும்), அதாவது 12.4 பிரிக்ஸ் (சர்க்கரை அளவு). பத்து நாளாகியும் ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) 6.3 பிரிக்ஸ், அதாவது 1.025-க்குக் கீழே இறங்கவில்லை.

சூட்டைக் கூட்டு, வாளியை ஆட்டு, புது ஈஸ்ட் போடு என்ற யோசனைகள் எதுவும் தேவைப்படவில்லை. "ஹைட்ரோமீட்டரில் (மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் கருவி) பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. நொதித்தல் நிற்கவே இல்லை, முடிந்தே விட்டது. ஆல்கஹால் ஒளிவிலகலைக் கூட்டுவதால், நொதித்த பீரில் ரிஃப்ராக்டோமீட்டர் சர்க்கரையை அதிகமாகக் காட்டும். ஈஸ்ட் போடும் முன் எடுக்கும் அளவு மட்டுமே நேரடியாக நம்பத்தக்கது. தொடக்க 12.4, இப்போதைய 6.3 இரண்டையும் திருத்தக் கணிப்பானில் போட்டால் 1.012 வருகிறது.

எதிர்பாராதது: ஹைட்ரோமீட்டரும் முதலில் 1.015 காட்டியது. தண்டில் பொடிப்பொடியாக ஒட்டிய வாயுக்குமிழ்கள் அதை மேலே தூக்கியிருந்தன. இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஆற்றி, ஹைட்ரோமீட்டரைச் சுழற்றி விட்டதும் 1.010. மாதிரி அப்போது 28 டிகிரி. கருவி 20 டிகிரிக்கானது, ஆகவே 0.002 கூட்டினால் 1.012. இரண்டு கருவியும் ஒத்துப்போயின.

மூன்று நாள் கழித்தும் அதே அளவு. பாட்டிலில் வாயு உண்டாக 120 கிராம் சர்க்கரையைக் கொதிக்கவைத்துக் கரைத்து ஊற்றி பாட்டிலில் அடைத்தாயிற்று. ஆல்கஹால் சுமார் 5 சதவீதம்.