வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சில வேல செஞ்ச ஆக்கள் வாங்க, மனசவிட்டுப் போகாத ஒண்ட எழுதுங்க

உப்புவெளிக்காரி:

திருகோணமலை டவுனில பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு ஏஜென்சி கிளையில இருந்தனான், மெயின் ஒஃபிஸ் கொழும்பில, பேர் வேணாம். கேரண்டி எண்டா என்னெண்டு இங்க கனபேருக்குத் தெரியும். தெரியாத ஆக்களுக்காக, ஹவுஸ்மெய்ட்டா சவூதி போன ஆள் மொதல் மூண்டு மாசத்துக்குள்ள ஏலாது எண்டு திரும்பினா அங்கத்த கஃபீல், அதாவது ஆளக் கூப்பிட்ட வீட்டுக்காரர், கட்டின காச ஏஜென்சி திருப்பிக் குடுக்கோணும், இல்லாட்டி வேற ஆள அனுப்போணும். போறதுக்கு முதல் அந்த ஆளுக்குக் கையில குடுத்த காசும் போச்சு. அதால அந்த மூண்டு மாசத்துக்குள்ள ரியாத்ல இருந்து ஒரு கோல் வந்தா ஒஃபிஸே அமைதியாயிடும்.

தம்பலகாமம் பக்கத்து அக்கா ஒராள், குழுக்கடன் மூண்டு இடத்தில எடுத்து கிழமைக்குக் கிழம கட்ட ஏலாமப் போய் கடைசியில எங்களிட்ட வந்தவ. போய் ரெண்டு மாசம் தாண்டியிருக்கும், ராவையில ஒஃபிஸ் வட்ஸப்புக்கு எடுத்தா, போன் அண்டைக்கு என்னட்ட. ஒரே தண்ணி ஓடுற சத்தம். "தங்கச்சி பாத்ரூமுக்குள்ள நிண்டு கதைக்கிறன், வெளிய கேக்கக் கூடாதெண்டு டெப்பத் திறந்து விட்டிருக்கன், கெதியா கேளு, தண்ணி கனநேரம் ஓடினாலும் மாமா வந்து தட்டுவா." அங்க வீட்டு மேடத்தத்தான் மாமா எண்டு சொல்றது. அந்த வீட்டு வேல முடிஞ்சா மாமாட தங்கச்சி வீட்டுக்கும் கொண்டு போய் விடுறாங்களாம், நித்திரை இல்லையாம், சம்பளம் இன்னும் கையில வரல்லையாம். சொல்லிக் கொண்டு இருக்கக்குள்ளயே கதவு தட்டுற சத்தம் கேட்டிச்சு, கட்.

விடிய முதலாளியிட்ட சொன்னன். அவர் சுவரில கிடந்த கலண்டரத்தான் பாத்தார். "கேரண்டி முடிய இன்னும் மூண்டு கிழமதான், தள்ளச் சொல்லு." கோவமா சொல்லல்ல, பிளேன்டீ கொண்டு வரச் சொல்ற மாதிரிச் சொன்னார். அந்தக் குரல்தான் இண்டைக்கும் காதில கிடக்கு. நான் அவட மகளக் கூப்பிட்டு பீரோட, அதான் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திட, 1989 நம்பரக் குடுத்து முறைப்பாடு போட வச்சன், கொஞ்ச நாளில அந்த வேலய விட்டிட்டு வந்திட்டன். நீங்களும் எழுதுங்க.

கிண்ணியா நானா:

நான் ஒஃபிஸில இருந்த ஆள் இல்ல, சப் ஏஜென்ட் ஒராளோட ஃபைல் தூக்கிட்டுத் திரிஞ்சவன். 2013ல குடும்பப் பின்னணி அறிக்கை வந்த பிறகு அஞ்சு வயசுக்குக் கீழ புள்ள இருந்தா உம்மா ஹவுஸ்மெய்ட்டாப் போக ஏலாது எண்டு ஆகிட்டு, உங்களுக்குத் தெரியும். அதுக்குப் பிறகு எல்லாரிட புள்ளயும் கூடப் பிறந்தவட புள்ளயாயிட்டு.

அந்த அறிக்கை எடுக்க பிரதேச செயலகத்துக்கு ஒரு ராத்தாவக் கூட்டிப் போனன், புள்ளய வீட்டில பாக்க ஆளில்ல எண்டு இடுப்பில தூக்கிட்டு வந்திட்டா, மூண்டு வயசிருக்கும். வழி நெடுக அந்தப் புள்ளைக்குப் படிச்சுக் குடுத்திட்டு வாறா, "நான் ஆரு? சாச்சி. ஆரு? சாச்சி." சாச்சி எண்டா உம்மாட தங்கச்சி. புள்ளயும் சாச்சி சாச்சி எண்டு சொல்லிட்டுத்தான் வந்தது. செயலகத்துப் படியில இறக்கி விட்டா, ஓடிச்சு, விழுந்திட்டு. முழங்கால் உரஞ்சி ரத்தம். "உம்மா" எண்டு கத்தினது பாருங்க, அவ அசையல்ல. ரெண்டு கையையும் அபாயாக்குள்ள இறுக்கிப் புடிச்சிட்டு என்ர முகத்தப் பாக்குறா, தூக்கவா வேணாமா எண்டு கேக்கிற மாதிரி. உள்ளுக்கிருந்த உத்தியோகத்தர் மிஸ் வெளிய வந்து புள்ளயத் தூக்கி ஒண்டும் பேசாம அவட கையிலயே குடுத்தா. அந்த ஃபைல் அதோட முடிஞ்சு. 2022ல அந்த அஞ்சு வயச ரெண்டு வயசாக் குறைச்சிட்டாங்க எண்டு கேட்டவுடன எனக்கு அந்தப் படிதான் ஞாபகம் வந்தது.

நிலாவெளி சீனியர்:

ரெண்டு பேரும் எழுதினத வாசிச்சன், கவலதான். ஆனா ஏஜென்சிக்காரன் எல்லாம் கள்ளன் எண்டு போற மாதிரி இருக்கு, அத நான் ஒத்துக் கொள்ள மாட்டன். பீரோ லைசன்ஸ் எடுத்து அத வருஷா வருஷம் புதுப்பிச்சு ஒவ்வொரு ஜொப் ஓர்டருக்கும் அனுமதி வாங்கி செய்யிற ஆக்களும் இருக்கினம். கலண்டரப் பாத்த முதலாளிய நான் நியாயப்படுத்தல்ல. ஆனா அந்தக் கஃபீல் குடுத்த காசத் திருப்பிக் குடுக்க ஏலாம கடைய மூடிட்டுப் போனவையையும் நான் கண்டிருக்கன்.

என்ர அனுபவம் ஆம்பிளப் பொடியளோட. ஒராள், எங்கட கரைவலப் பக்கத்து ஆள், கட்டார் வேல, போட் எஞ்சின வித்துக் காசு கட்டினவர். கொழும்பில மெடிக்கல். அன்ஃபிட். நெஞ்சு எக்ஸ்ரேயில பழைய டிபி தழும்பு. ஆறு மாசம் ஒரு நாளும் விடாம மருந்து குடிச்சு சுகமாகி, கிளினிக் கார்ட்ட பொலித்தீன்ல சுத்தி வச்சிருந்தவர். ஆனா அந்த நாளில வளைகுடா மெடிக்கல்ல தழும்பு கண்டா வருத்தம் இல்லாட்டியும் விட மாட்டாங்க, ஒரு நாட்டுக்கு அன்ஃபிட் விழுந்தா மத்த அஞ்சு வளைகுடா நாட்டுக்கும் அதே கதைதான். நான் விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அவர் எழும்பி ஒஃபிஸில எல்லாரும் இருக்கத்தக்கனா சேட்டக் கழட்டிப் போட்டு நெஞ்சில அடிச்சுக் காட்டினார், "பாருங்கண்ணே, வல இழுக்கிற நெஞ்சு, இதில என்ன வருத்தம் கிடக்கு?" பக்கத்தில மெடிக்கலுக்குப் போக இருந்த பொடியன் ஒராள் தன்ர நெஞ்சத் தடவிப் பாக்குறான். கட்டின காசில மெடிக்கலுக்கும் போக்குவரத்துக்கும் போக மிச்சத்த முதலாளி திருப்பிக் குடுத்தவர், அதையும் எழுதோணும். ஆனா வித்த எஞ்சின் வித்ததுதானே.

சம்பூர் அக்கா:

நான் மேசைக்கு அங்கால இருந்த ஆள். 2006ல சம்பூர விட்டு வெளிக்கிட்டு அங்க இங்க அலஞ்சு கடைசியில கிளிவெட்டி முகாம், தகரக் கொட்டில், அங்கயிருந்துதான் குவைத் போனனான். நிலாவெளித் தம்பி, லைசன்ஸ் இருக்கிறதும் மனுசத்தன்மை இருக்கிறதும் ஒண்டில்ல. என்னக் கொண்டுபோன ஏஜென்சிக்கும் லைசன்ஸ் இருந்தது, சுவரில கண்ணாடி போட்டு மாட்டியிருந்தவ. ஒப்பந்தம் அரபியிலயும் இங்கிலீஷிலயும் கிடந்தது. வாசிச்சுச் சொல்லுங்க எண்டு கேட்டன், பஸ்சுக்கு நேரமாகுது கையெழுத்த வையுங்கோ எண்டுதான் மனேஜர் சொன்னவர். அங்க போனாப் பிறகு ஒண்டுமே சொன்ன மாதிரி இல்ல.

ஆனா அதே ஒஃபிஸில ஒரு பிள்ள இருந்தவ, வயசு இருவத்திரண்டு இருக்கும், போட்டோ கொப்பி அடிக்கிற வேல. நான் வெளிக்கிட முதல் உள்ளறைக்குக் கூப்பிட்டு "அக்கா உங்கட உள்பாவாடையக் கழட்டித் தாங்கோ" எண்டா. எனக்குக் கோவம் வந்திட்டுது. பிறகுதான் சொன்னா, போற வீட்டில போனயும் பேப்பரையும் மொதல் வேலையா வாங்கி வச்சிருவினம், உடுப்ப வாங்க மாட்டினம். பாவாட மடிப்பில உள்பக்கமா கறுப்பு நூலால எங்கட மாமிட நம்பரத் தச்சா. ஒவ்வொரு இலக்கமா. நான் நிண்டு பாத்துக் கொண்டு நிக்கிறன், ஏழ ஒண்டு மாதிரித் தச்சிட்டு அவிழ்த்துத் திரும்பத் தச்சா.

சொன்ன மாதிரியே போன வாங்கிட்டினம், வீட்டு வாசல் தாண்டினவுடன. நாலு மாசத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டு டிரைவர், புத்தளத்துப் பொடியன், குப்ப போட வாற நேரம் தன்ர போன மதிலுக்கு மேலால தந்தான், பாவாட மடிப்பப் புரட்டிப் பாத்துத்தான் நம்பர் அடிச்சன். அவவப் பிறகு தேடினன், ஒஃபிஸ் இருந்த இடத்தில இப்ப போன் கடை.

மூதூர் டேட்டா என்ட்ரி:

எங்கட ஊர் எண்டவுடன எல்லாரும் றிசானா நபீக்கத்தான் கேப்பாங்க. கேக்கட்டும், கேக்கத்தான் வேணும். 2005ல 17 வயசில சவூதிக்கு ஹவுஸ்மெய்ட்டாப் போன புள்ள, பிறந்தது 1988, பாஸ்போட்ல 1982. பொறுப்பில விட்ட கைக்குழந்தை மௌத்தாகி, வழக்காகி, 2013 ஜனவரி 9ல மரண தண்டன நிறைவேத்தினாங்க. சவூதிக்குப் போற ஹவுஸ்மெய்ட்டுக்கு 25 வயசு எண்டு இங்க வச்சது அதுக்குப் பிறகுதான்.

அதுக்கு ரெண்டொரு வருஷம் பிந்தி நான் ஒரு ஒஃபிஸில ஃபோம் டைப் பண்ற வேல. ஒரு வாப்பா வந்தார், மகளிட பிறப்பத்தாட்சிப் பத்திரம், ஒரிஜினல் வேணும் எண்டு நான் கேட்டதால கொண்டு வந்தவர், கொப்பி மட்டும் தந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. வருஷம் இருக்கிற இடத்தில பெருவிரல் பட்டது, கடதாசி சொரசொரப்பா. பிளேட்டால சுரண்டி அதுக்கு மேல எழுதியிருக்கு. வெளிச்சத்தில புடிச்சா அந்த இடம் மட்டும் மெல்லிசாத் தெரியுது. நான் நிமிந்து பாத்தன், அவர் கீழ பாத்திட்டு "மகன், கூட்டினது நாலு வருஷம்தான்" எண்டார். நாலு வருஷம்தான்! எங்கட ஊர் ஆள், றிசானாட ஜனாஸாத் தொழுகைக்கு நிண்ட ஆக்களில ஒராளா இருக்கக் கூடும். நான் பத்திரத்த அவரிட கையில குடுத்து "வாப்பா இத ஒரு இடத்திலயும் காட்டாதீங்க" எண்டு அனுப்பிட்டன். அடுத்த கிழம வேற ஒஃபிஸ் வாசலில அவரக் கண்டன்.

ஓர்ஸ்ஹில் அண்ணா:

எல்லாரும் கவலக் கதை எழுதுறீங்க, கொஞ்சம் பிரயோசனமா நான் சொல்றன். எனக்கு நடந்தது சின்னது, தெரிஞ்ச பொடியன் ஒராள் ஓமான் டிக்கட்டும் விசாவும் கொண்டு வந்து அண்ணா ஒருக்காப் பாருங்க எண்டான், அதில விசிட் எண்டு கிடந்தது, நான் போகாத எண்டன், அவன் போனான், அங்க போய் இக்காமாவும் (தங்கி வேல செய்யிற அனுமதி) இல்ல சம்பளமும் இல்ல.

அதால வெளிநாடு போக நினைக்கிறவை கவனமா வாசியுங்க. ஏஜென்சி போர்டில லைசன்ஸ் நம்பர் இருக்கும், அத பீரோட வெப்சைட்டில அடிச்சுப் பாருங்க, காலாவதியாகின லைசன்ஸோட கனபேர் திரியிறாங்க. சப் ஏஜென்டிட்ட காசு குடுக்காதீங்க, குடுத்தா ரிசீட் கேளுங்க, ரிசீட் தர மாட்டன் எண்டா எழும்பி வாங்க. விசிட் விசாவில போய் அங்க மாத்தலாம் எண்டு சொன்னா நம்பாதீங்க, பீரோல பதியாமப் போனா இன்ஷூரன்ஸும் இல்ல, பிரச்சின வந்தா தேடிப் பிடிக்கிறதும் கஷ்டம். பாஸ்போட், விசா, ஒப்பந்தம் மூண்டையும் போட்டோ எடுத்து வீட்டில ரெண்டு பேருக்கு அனுப்பி வையுங்க. வெத்துப் பேப்பரில கையெழுத்து வைக்காதீங்க. கொரியா EPS வேல எடுத்துத் தாறன் எண்டு ஆரும் வந்தா அது பொய், அது மொழிப் பரீட்சை எழுதி பீரோவாலதான் போறது, ஏஜென்சிக்கு அதில இடமே இல்ல. தாய்லாந்தில டேட்டா என்ட்ரி, கொம்பியூட்டர் தெரிஞ்சாப் போதும், நல்ல சம்பளம் எண்டு வந்தாக் கிட்டயும் போகாதீங்க, அப்பிடிப் போன எங்கட நாட்டுப் பொடியள மியன்மார்ல மியாவாடிப் பக்கம் அடச்சு வச்சு ஒன்லைன் மோசடி செய்ய வச்சவங்கள், அதில இருந்து மீட்ட செய்தி எல்லாம் பேப்பரில வந்தது. இன்னும் இருக்கு, பிறகு எழுதுறன்.

கிண்ணியா நானா:

ஓர்ஸ்ஹில் அண்ணா, நீங்க சொன்னது எல்லாம் சரி, ஆனா அந்தப் படியில நிண்ட ராத்தாக்கு லைசன்ஸ் நம்பர் பாக்கத் தெரியாமலா? கடன்காரன் வீட்டு வாசலில வந்து குந்தியிருந்தான். இந்த இடம் அத எழுதத்தான் திறந்தது.

நிலாவெளி சீனியர்:

கிண்ணியா நானா சொல்றது நியாயம். சம்பூர் அக்கா, லைசன்ஸ் பற்றி நீங்க சொன்னதுக்கு பதில் யோசிச்சுப் பாத்தன், என்னட்ட இல்ல. உப்புவெளித் தங்கச்சி, அந்தத் தம்பலகாமத்து அக்கா என்ன ஆனா?

உப்புவெளிக்காரி:

மகள் முறைப்பாடு போட்டு, அதுக்குப் பிறகு எம்பஸியால கதைச்சு, வீடு மாத்தினவங்க. ரெண்டாவது வீடு பரவாயில்லையாம், ரெண்டு வருஷமும் முடிச்சிட்டுத்தான் வந்தவ. மொதல் வீட்டில செஞ்ச வேலைக்குச் சம்பளம் வரவே இல்ல. குழுக்கடன் ரெண்ட அடச்சிட்டா, மூண்டாவது இன்னும் போகுது.

சம்பூர் அக்கா, உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். இப்ப நான் தையல் கடை வச்சிருக்கன், போற பொம்புளயள் உடுப்புத் தைக்க வாறவ. அந்த நம்பர் தச்ச நூல் என்ன நூல்? குவைத்தில வொஷிங் மெஷின்ல போட்டும் அவிழாம இருந்ததா?

சம்பூர் அக்கா:

சாதாரண நூல்தான் பிள்ள, ரெண்டு இழையா எடுத்துப் பின்தையல் போட்டவ, அதால இழுபடல்ல. அடர் நிறத் துணியில அதே நிற நூலால தையுங்கோ, ஆரும் புரட்டிப் பாத்தாலும் தெரியாது. இலக்கத்த மட்டும் பெருசாத் தையுங்கோ, இருட்டுக்குள்ள விரலாலயே வாசிக்க வேண்டி வரும். ஒரு பாவாடையில மட்டும் வேணாம், ரெண்டு மூண்டில தச்சுக் குடுங்கோ.