கோத்தகிரியில் படகும் டிரெய்லரும் நிற்க ஷெட்: எவ்வளவு பெரிதாகக் கட்டணும்?

அரவேணுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அரவேணு பக்கம் எங்கள் வீடு. வீடு ரோட்டுக்குக் கீழே, ரோட்டுக்கு மேல்பக்கம் பழைய தேயிலைத் துண்டு ஒன்றும் எங்களுடையதுதான். படகு நிறுத்த ஒரு ஷெட் கட்டப் போகிறேன். படகு ஓடுவது தொண்டியில், மச்சான் ஊரில். ஐப்பசியில் வாடைக்காற்று விழுந்துவிட்டால் தை வரைக்கும் பாக் நீரிணையில் சின்னப் படகை நம்பி இறங்க முடியாது. அத்தனை நாளும் தார்ப்பாய் மூடி மச்சான் வீட்டு வாசலில் கிடக்கிறது. உப்புக்காற்றில் டிரெய்லர் பேரிங், லைட் ஒயர் எல்லாம் அரித்துப்போகிறது. இங்கே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டால் நானே நிதானமாகத் தேய்த்து, ஓட்டை அடைத்து, பெயின்ட் அடிப்பேன். அந்த வேலை செய்யும்போது எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம்.

அளவு சொல்கிறேன். ஃபைபர் படகு 17 அடி, அகலம் ஆறரை. 40 எச்பி அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் மோட்டார். மோட்டாரைத் தூக்கிவைத்து, டிரெய்லர் கொக்கியிலிருந்து கடைசி வரை பிடித்தால் 22 அடி 6 அங்குலம். தரையிலிருந்து முன்கண்ணாடி உச்சிக்கு ஆறேகால் அடி. இழுப்பது பொலீரோ.

மேஸ்திரி 24-க்கு 10 தாராளம், எட்டடி ஷட்டர் போட்டுக்கலாம் என்கிறார். இடம் ரெண்டு இருக்கு. மேல்துண்டில் என்றால் மண் வெட்டணும், பின்னால் ஒன்பதடி மண் நிற்கும், முன்னால் ரோடு 12 அடிதான். கீழே வீட்டை ஒட்டிச் சமதரை இருக்கு, ஆனால் ஆறடிக்கு ஓரடி சரிவில் இறங்கணும். எது நல்லது? மேஸ்திரி சொல்கிற அளவு போதுமா?

குன்னூர் சைட்காரன்:

சார், 24 அடி பத்தாது. வண்டி உள்ளே போய்விடும், நீங்கள் போக முடியாது. பின்னால் மோட்டார் கவரைக் கழற்றி நின்று வேலை பார்க்க மூன்றடி, முன்னால் கொக்கிப் பக்கம் மூன்றடி விடுங்கள். அப்போதே இருபத்தெட்டரை ஆச்சு, 29 என்று வையுங்கள். அகலத்துக்கு டிரெய்லர் மட்கார்டையும் சேர்த்து அளங்கள், படகை விட அதுதான் வெளியே நிற்கும். ஒரு பக்கம் நடக்க மூன்றடி, இன்னொரு பக்கம் வேலை மேசையோடு நாலு, ஆக 14. வாசல் பத்தடிக்குக் குறைய வேண்டாம், உயரம் ஒன்பது. ஷட்டர் போட்டால் சுருள் பெட்டி மேலே ஒன்றரை அடி தின்னும், அதையும் கணக்கில் சேர்த்து லிண்டல் (வாசலுக்கு மேலே வரும் உத்தரம்) போடச் சொல்லுங்கள்.

கீழ் இடம் எனக்குப் பிடிக்கவில்லை. டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் மோட்டார் எப்படியும் ஆறடி நீட்டும். ஆறுக்கு ஒன்று சரிவில் பின்னோக்கி இறக்கினால், சக்கரம் சரிவில் இருக்கும்போதே மோட்டாரின் அடி ஓரடி கீழே போய்ச் சமதரையில் இடிக்கும். அதே நேரம் முன்மூக்கு மேலே எழும்பி லிண்டலைத் தேடும். இதைத் தவிர்க்க வாசலுக்கு முன்னால் டிரெய்லர் நீளத்துக்குச் சமதரை வேண்டும். அவ்வளவு இடம் உங்களுக்கு இருக்கிற மாதிரி தெரியவில்லை.

மேல் இடம் என்றால் சிக்கல் ரோட்டில். பொலீரோவும் டிரெய்லரும் சேர்ந்து 35 அடிக்கு மேல். 12 அடி ரோட்டில் அதை நேர்குத்தாகத் திருப்ப முடியாது. ஷெட்டை ரோட்டுக்குச் சாய்வாக வையுங்கள், வாசலை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளுங்கள். எவ்வளவு சாய்வு என்பதைக் காகிதத்தில் முடிவு பண்ணாதீர்கள். படகு இப்போது தொண்டியில்தானே இருக்கு? அங்கே பொட்டலில் சுண்ணாம்புப் பொடியால் ரோட்டையும் வாசலையும் கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள்.

கல்சுவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விட மாட்டேன். ஷெட்டின் பின்சுவரையே மண்ணுக்கும் தடுப்பாக நிறுத்தாதீர்கள். தடுப்புச்சுவர் தனி, ஷெட் சுவர் தனி, நடுவில் ஆள் நுழையும் சந்து, அதில் வாய்க்கால். ஒன்பதடி கருங்கல் சுவருக்கு அடியில் சுமார் ஐந்தடி அகலம் வேண்டும், அதை இடத்தில் கழித்துக்கொள்ளுங்கள். ஐந்தடிக்கு ஒன்று நாலங்குலக் குழாய், பின்னால் ஜல்லி நிரப்பணும், வெறும் மண்ணைத் தள்ளி மூடக் கூடாது. 2009 நவம்பர் மழையில் கேத்தி, அச்சனக்கல் பக்கம் மண் எப்படி வந்தது என்று பார்த்தவன் நான். மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள். தண்ணீருக்கு வழி விடாத சுவர் எவ்வளவு தடியாக இருந்தாலும் நிற்காது. ஜேசிபி இறக்கவும் நம் மாவட்டத்தில் முன் அனுமதி வேண்டும், வரைபட அனுமதியோடு சேர்த்து அதையும் முதலிலேயே கேளுங்கள்.

காந்தல் மெக்கானிக்:

அண்ணா, சைட்காரர் கட்டடம் சொல்லிட்டார், நான் மோட்டார் சொல்றேன். நிறுத்தி வைக்கும்போது அவுட்போர்டை நேராக, கீழே இறக்கித்தான் வைக்கணும். தூக்கியே வைத்தால் உள்ளே தண்ணீர் தங்கும். ஊட்டியில் மார்கழி உறைபனிக்கு அது உறைந்து வெடிப்பு விட்டால் செலவு தாங்காது. கோத்தகிரியில் அவ்வளவு குளிர் இல்லை, ஆனாலும் உப்புத்தண்ணீர் உள்ளே கிடக்க வேண்டாமே. இறக்கும்போது அடித்தட்டு தரையில் முட்டுகிறதா என்று பாருங்கள். முன்சக்கர ஜாக்கியைத் தாழ்த்தினால் மூக்கு இறங்கி வால் மேலே வரும், அதில் சரியாகிவிடும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். அதனால் ஜன்னல் மட்டும் வைத்தால் பத்தாது, தரையிலிருந்து அரையடியில் எதிரெதிர் சுவரில் வலைபோட்ட ஓட்டை விடுங்கள். நம்ம ஊர் மூட்டத்துக்குப் பூஞ்சை பிடிக்காமலும் இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மூன்று மாதம் டேங்கில் விடாதீங்க. கலர் ஷீட் கூரை போட்டால் அடியில் ஃபோம் ஒட்டினது வாங்குங்க, இல்லாட்டி விடியற்காலையில் ஷீட்டில் வேர்த்துப் படகுக்குள்ளேயே சொட்டும்.

இன்னொன்று, மீன் வாடை. தூண்டில் இரை, ஐஸ் பெட்டி எதையும் கழுவாமல் உள்ளே வைக்காதீங்க. உங்க பக்கம் கரடி எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் கடைக் கதவையே பெயர்க்குது. தகட்டு ஷட்டரெல்லாம் அதுக்கு ஒரு தடையே இல்லை.

அரவேணுக்காரன்:

ரெண்டு பேருக்கும் மனசார நன்றி. மச்சானிடம் சொல்லித் தொண்டியில் பொட்டலில் சுண்ணாம்புக் கோடு போட வைத்தேன், வீடியோ காலில் பார்த்தேன். நேர்குத்து வாசலில் எப்படித் திருப்பியும் பொலீரோவின் முன்சக்கரம் ரோட்டுக் கோட்டைத் தாண்டியது. பாதிச் சாய்வில் வைத்து, வாசலைப் பதினைந்தடி உள்ளே தள்ளியதும் ஒரே இழுப்பில் போய்விட்டது. மட்கார்டுக்கு ரெண்டு பக்கமும் ஒன்றரை அடி மிச்சம். வாசலைப் பதினோரடி ஆக்கிவிட்டேன்.

மேல்துண்டுதான் என்று முடிவு. 29-க்கு 14, ஷட்டருக்குப் பதில் ஜிஐ சட்டம் போட்ட ரெட்டைக் கதவு, உள்ளே இரும்புத் தாழ். தடுப்புச்சுவருக்கு ஐந்தடி போனால் நாலு தேயிலை வரிசை போகும், போகட்டும். கடைசியாக ஒன்று: தரை கான்கிரீட் எத்தனை அங்குலம்? மொத்த எடை ஒரு டன்னுக்குள். கையால் நகர்த்த வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் உருளை) போடலாமா?

குன்னூர் சைட்காரன்:

கம்பி வலையோடு எம்20 தரக் கான்கிரீட், ஐந்து அங்குலம் போதும். வாசலை நோக்கி நூறுக்கு ஒன்று வாட்டம் கொடுங்கள், கழுவிய தண்ணீர் வெளியே ஓடும். வின்ச் கொக்கியைச் சுவரில் அடிக்காதீர்கள், தரைக்கடியில் தனிக் கான்கிரீட் கட்டை போட்டு அதில் புதையுங்கள். வாட்டம் வாசல் பக்கம் என்பதால் சக்கரத்துக்கு எப்போதும் கட்டை வைக்கணும். மழைக்கு முன்னால் மண்வேலையும் கல்சுவரும் முடிந்தால் மட்டும் இந்த வருடம் தொடங்குங்கள். வெட்டிப்போட்ட மண்ணோடு ஐப்பசிக்குள் நுழைய வேண்டாம்.