வில்லிவாக்கம் குடும்பக் குழுவில் ஒரு கோழிப் பஞ்சாயத்து

முரளி மாமா (காலை 7:12): [பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது] எச்சரிக்கை!! மூலிகை கலந்த தீவனம் தின்றால் கோழியின் ஜீன் மாறிவிடுகிறது. அந்த முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்!!

முரளி மாமா: ராஜி, நீ மாடியில் கோழிகளுக்கு முருங்கைக்கீரையும் மஞ்சளும் போடுகிறாயே, இதைப் படி.

ராஜி: அண்ணா, போன வாரம் இரண்டு ஆம்லெட் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது யார்?

சிவா: மாமாவுக்குக் கொண்டை முளைத்துவிட்டதா, யாராவது பார்த்தீர்களா? 😂

முரளி மாமா: கேலி வேண்டாம். கயல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள், அவள் சொல்லட்டும்.

கயல் (7:40): பஸ்ஸில் இருக்கிறேன் மாமா. ஜீன் மாறுவதில்லை. அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் கூடும், குறையும். கோழியின் கல்லீரல் செல்லிலும் குடல் செல்லிலும் இருப்பது ஒரே ஜீன்கள்தான். கல்லீரலில் மஞ்சள் கருவுக்கான புரதத்தைச் செய்யும் ஜீன் மும்முரமாக ஓடும், குடலில் அது தூங்கும்.

சிவா: ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி.

கயல்: கிட்டத்தட்ட. ஆராய்ச்சியில் திசுவை எடுத்து, எந்த ஜீனிலிருந்து எவ்வளவு ஆர்.என்.ஏ. (வேலை செய்யும் ஜீன் எடுக்கும் நகல்) வந்திருக்கிறது என்று பி.சி.ஆர். வைத்து அளப்பார்கள். கொரோனா சமயத்தில் நம் மூக்கில் குச்சி விட்டார்களே, அதே பி.சி.ஆர்.தான்.

முரளி மாமா: சரி, அப்போது மஞ்சள் எதைக் கூட்டுகிறது?

கயல்: மஞ்சளில் குர்குமின், ஓமத்தில் தைமால். இவை செல்லுக்குள் என்.ஆர்.எஃப்.2 என்ற புரதத்தை உசுப்பிவிடும். அது போய், செல் பழுதாகாமல் காக்கும் எஸ்.ஓ.டி., கேட்டலேஸ் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பு நொதிகளுக்கான ஜீன்களை முடுக்கும். அழற்சியைத் தூண்டும் என்.எஃப். கப்பா பி என்ற இன்னொரு புரதம் அடங்கும். வெயில் காலத்தில் இது உதவும்.

ராஜி: அதற்காகத்தான் போடுகிறேன். கத்திரி வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன, பார்க்கவே பாவமாக இருக்கிறது. முட்டை ஓடும் தாள் மாதிரி மெலிந்துவிட்டது.

கயல்: கோழிக்கு வியர்க்காது சித்தி, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதில் கார்பன் டை ஆக்சைடு நிறையப் போய்விடும். ஓடு கட்டத் தேவையான பைகார்பனேட் ரத்தத்தில் குறையும். தீவனமும் சரியாகத் தின்னாது. ஒரு முட்டை ஓட்டுக்கு 2 கிராம் கால்சியம் போல வேண்டும், அது மஞ்சளிலிருந்து வராது. கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மாடியில் நிழல்வலை கட்டுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். முதலில் இவை, அப்புறம்தான் மூலிகை.

முரளி மாமா: மஞ்சள் கரு அவ்வளவு ஆரஞ்சாக இருந்ததே, அது ஜீன் வேலையா?

கயல்: இல்லை, அது வெறும் நிறமி. லூட்டீன் போன்றவற்றைக் கோழியால் தானாகச் செய்ய முடியாது, கீரையிலிருந்தோ சாமந்தியிலிருந்தோ நேராகக் கருவுக்குப் போகிறது. இன்னொன்று மாமா, நீங்கள் கடையில் வாங்கும் முட்டைக் கோழியும் சோயாப் புண்ணாக்கு தின்றதுதான். அதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல நடிக்கும் ஐசோஃப்ளேவோன்கள் உண்டு. செடிப் பொருள் படாத முட்டை எங்கே இருக்கிறது?

முரளி மாமா: 🙄

பாட்டி: ஊரில் நாங்கள் சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருண்டை பிடித்துக் கொடுப்போம். ஒரு கோழியும் சாகாது.

அம்மா: ஒரே வாரத்தில் கூடையே காலியானதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது அம்மா.

பாட்டி: அது வெள்ளைக்கழிச்சல். அது வேறு.

ராஜி: அதைத்தான் கேட்க நினைத்தேன். புதுக்குஞ்சுகள் வாங்கியிருக்கிறேன். மஞ்சள் போட்டால் எதிர்ப்புச் சக்தி ஜீன் கூடும் என்றால் தடுப்பூசியை விட்டுவிடலாமா?

கயல்: கூடவே கூடாது!! வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். லசோட்டா என்ற தடுப்பு மருந்துச் சொட்டு முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும், 8 வாரத்தில் ஊசி. பாட்டியின் உருண்டை துணைக்கு இருக்கட்டும், தடுப்பூசிக்குப் பதில் அது ஆகாது.

கயல்: ஆய்வகத்தில் ஒரு ஜீன் இரண்டு மடங்கு கூடியது என்பதால் முட்டையும் இரண்டு மடங்கு வராது. தீவனக் கம்பெனி விளம்பரங்கள் இதைச் சொல்லவே சொல்லாது. ஆனால் ஆராய்ச்சி வீண் இல்லை. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் நிறுத்தியது. நம் நாட்டில் 2019இல் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். அந்த இடத்துக்கு ஏதாவது வேண்டுமே.

ராஜி: எவ்வளவு போடலாம்?

கயல்: மஞ்சள் தூள் கிலோ தீவனத்துக்கு 5 கிராம் போதும். கீரையை அள்ளிப் போடாதீர்கள், நாரிலேயே வயிறு நிரம்பித் தீவனத்தைத் தின்னாது. வெங்காயம் பூண்டு அதிகமானால் ரத்தச் சிவப்பணுக்களுக்குக் கெடுதல்.

ராஜி: கிளிஞ்சல் தூள் இங்கே கிடைக்குமா?

கயல்: தீவனக் கடையில் ஷெல் கிரிட் என்று கேளுங்கள். இறங்கும் இடம் வந்துவிட்டது, அப்புறம் பேசலாம்.

முரளி மாமா: சனிக்கிழமை அந்தப் பக்கம்தான் வருகிறேன், நானே வாங்கி வருகிறேன் ராஜி. 2 கிலோ போதுமா?