இங்கிலாந்திலிருந்து வந்த மச்சாளுக்கு அவருடைய ஊர்ச் சாப்பாடு: மட்டக்களப்பில் எங்கே தேடுவது?

கல்லடி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணா 14 வருடங்கள் இங்கிலாந்தில் இருந்துவிட்டு, வேலை காரணமாக இரண்டு வருடங்களுக்கு மட்டக்களப்புக்கு வந்திருக்கிறார். அவருடைய மனைவி, எங்கள் மச்சாள், டெவன் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். புட்டு, இறால் கறி, மீன் சொதி என்று நாங்கள் வைப்பதையெல்லாம் விரும்பிச் சாப்பிடுகிறார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் கடந்த ஞாயிறு காலையில் நான் குசினிக்குள் போனபோது, பாணை வாட்டி, பட்டர் பூசி, தட்டில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஒன்றுமில்லை, இதற்கு மேலே சூடான பீன்ஸ் ஊற்றிச் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம்" என்றார். அன்றிலிருந்து எனக்கு மனது சரியில்லை. வெளிநாடு போன நம் பிள்ளைகள் ஒரு துண்டுக் கருவாட்டுக்கு ஏங்குவதை நாம் அறிவோம். அதே ஏக்கம் நம் வீட்டுக்குள் வந்திருக்கும்போது எப்படிப் பாராமல் இருப்பது?

கேட்டுப் பார்த்ததில் அவர் நினைக்கும் பொருட்கள் நான்கைந்துதான்: தக்காளிச் சாற்றில் ஊறிய பீன்ஸ், பாணில் பூசும் மார்மைட், கிரம்பெற் என்ற துளைகளுள்ள அப்பம், ஸ்கோன் என்ற சிறு பணிசுக்குப் பூசும் கெட்டிப் பாலாடை, அவர்கள் ஊர்த் தேநீர். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரைக்கும் எங்கே எது கிடைக்கும், எதை வீட்டில் செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். கொழும்பில் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். அதற்காக ஒவ்வொரு முறையும் இரவு பஸ் ஏற முடியாது.

கல்முனையிலிருந்து:

சகோதரி, நானும் 11 வருடங்கள் இங்கிலாந்தின் லெஸ்ரரில் குடும்பத்துடன் இருந்து திரும்பியவன். முதல் வருடம் என் பிள்ளைகள் இதே பொருட்களைக் கேட்டே அழுதார்கள். ஆகவே தெரிந்ததைச் சொல்கிறேன்.

மார்மைட்டுக்கு நீங்கள் அலையவே தேவையில்லை. 1902இல் இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரில், பியர் வடிப்பில் மிஞ்சும் ஈஸ்ற்றைக் கொண்டு தொடங்கிய பொருள் அது என்றாலும், இலங்கையில் அது வீட்டுச் சாமானாகிப் பல காலம் ஆகிறது. சாதாரண பலசரக்குக் கடையிலும் சில பாமசிகளிலும்கூட இருக்கும். நாம் அதைச் சுடுநீரில் கரைத்துத் தேசிக்காய்ப் புளி விட்டுக் காய்ச்சற்காரருக்குக் கொடுப்போம். அவர்களோ பட்டரைத் தாராளமாகவும் மார்மைட்டைக் கத்தி நுனியால் மெல்லிய படலமாகவும் பாணில் பூசுவார்கள். அந்த அளவை மச்சாளே பார்த்துக்கொள்வார், போத்தலை மாத்திரம் மேசையில் வைத்துவிடுங்கள்.

பீன்ஸ் ரின்னை நகரத்து சுப்பர் மார்க்கெட்டுகளில் பாருங்கள். கிடைக்காவிட்டால் காத்தான்குடி, கல்முனைக் கடைகளில் மத்திய கிழக்கிலிருந்து வரும் சாமான்கள் அடுக்கியிருக்கும் தட்டுகளைத் தேடுங்கள். ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் பல இறக்குமதிகள் நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், ஒரு கடையில் பெரிய விலை கொடுத்து மூன்று ரின் வாங்கினேன். வீட்டுக்கு வந்து, விலை ஒட்டிய தாளை நகத்தால் உரித்தபோது, அடியிலிருந்த காலாவதித் திகதி ஐந்து மாதங்களுக்கு முந்தியதாக இருந்தது. பிள்ளைகள் தட்டுடன் காத்திருக்க அதைக் குப்பையில் கொட்டிய கோபம் இன்னும் ஆறவில்லை. திகதிக்கு மேல் தாள் ஒட்டியிருந்தால் கடைக்காரர் முன்னாலேயே உரித்துப் பாருங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

தேநீர் விடயத்தில் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறோம். தேயிலை விளையும் நாட்டில் இருந்துகொண்டு இவருக்கு என்ன குறை என்று நினைப்போம். ஆனால் இங்கிலாந்தின் அன்றாடத் தேயிலை பெரும்பாலும் அசாம், கென்யா தேயிலைகளைக் கலந்து, சிறு குருணையாக நொறுக்கியது. சில நிமிடங்களிலேயே கடும் சாயம் இறங்கும். நம்முடைய மலைநாட்டுத் தேயிலை மணமானது, ஆனால் அந்தக் கனம் அதில் இல்லை. ஆகவே இரத்தினபுரி, காலிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையில் சிறு தூளாகப் பார்த்து வாங்குங்கள். அதைவிட முக்கியமானது பால். பால்மாவும் நன்றாகக் காய்ச்சிய பாலும் அவருக்கு வேறு சுவை. சுப்பர் மார்க்கெட்டில் குளிரூட்டி வைத்திருக்கும் பாஸ்சரைஸ் செய்த பாலைக் காய்ச்சாமல், குளிராகவே, சாயம் இறங்கிய கோப்பையில் கொஞ்சம் விட்டுக் கொடுங்கள். சீனியை அவர் கேட்டால் மட்டும் போடுங்கள்.

சித்தாண்டியிலிருந்து:

தங்கச்சி, அந்தக் கெட்டிப் பாலாடையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகப் பட்டி இருக்கிறது. கடையில் விற்கும் ரின் கிறீமை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். டெவனுக்கு அடுத்துள்ள கோர்ன்வோல் பகுதியின் பெயரைத் தாங்கி விற்கும் பாலாடையில் குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அவ்வளவு கெட்டியான பாலாடைக்கு ஏற்றது நம் எருமைப் பால்தான். பசுப்பாலில் 4 சதவீதம் அளவில் கொழுப்பு இருக்கும், எருமைப் பாலில் 7 சதவீதம் அளவில் இருக்கும். சட்டித் தயிர் கட்டியாக உறைவதற்கும் அதுவே காரணம்.

தண்ணீர் கலக்காத பாலாக வாங்கி, அகன்ற தாழ்ந்த தாச்சியில் ஊற்றி, ஆறு மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் அசைக்காமல் வையுங்கள். பிறகு அப்படியே எடுத்து மிகச் சிறிய நெருப்பில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வையுங்கள். கொதிக்கவே கூடாது, கரண்டியும் போடக் கூடாது. ஓரமெல்லாம் சிறு குமிழ் எழும்பி, மேலே மஞ்சள் பாய்ந்த தோல் சுருக்கம் விழும்போது இறக்கி, ஆறவிட்டு, ஓர் இரவு மீண்டும் குளிரில் வைத்துவிட்டுக் காலையில் துளைக் கரண்டியால் மடித்து எடுங்கள். நான்கு லீற்றர் பாலுக்கு ஒரு சிறு கோப்பைதான் தேறும். மிஞ்சிய பாலை உறை ஊற்றிவிடலாம், ஒரு துளியும் வீணாகாது. டெவன்காரர் ஸ்கோனில் முதலில் பாலாடையைப் பூசி அதன்மேல் ஜாம் வைப்பார்கள், கோர்ன்வோல்காரர் மாற்றிச் செய்வார்கள் என்று படித்திருக்கிறேன். உங்கள் மச்சாளிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. பெரும்போக வேளாண்மை தொடங்கியதும் மாடுகளை வயற்பக்கத்திலிருந்து மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோய்விடுவோம். அந்த மாதங்களில் ஊரில் எருமைப் பால் அரிது. இப்போதே செய்து பாருங்கள்.

பொத்துவிலிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும். அறுகம்பையில் ஒரு விடுதிக் குசினியில் வேலை செய்கிறேன். மே முதல் செப்ரெம்பர் வரை அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரருக்குக் காலைச் சாப்பாடு போடுவதே என் வேலை. அந்த மாதங்களில் இங்குள்ள கடைகளில் பீன்ஸ் ரின் இருக்கும், பருவம் முடிந்தால் இருக்காது. அதனால் நான் சமைத்தே கொடுக்கப் பழகினேன்.

உலர்ந்த சிறு வெள்ளை பீன்ஸ் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் வெள்ளைக் கௌப்பியில் செய்யலாம். கௌப்பியின் மண் வாசம் போக முதற்கொதித் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். நன்றாக அவிந்த பிறகுதான் தக்காளி சேர்க்க வேண்டும். புளிப்பு முன்பே சேர்ந்தால் தோல் இறுகி, எவ்வளவு நேரம் வைத்தாலும் மெத்தென்று ஆகாது. நான் முதல் தடவை அப்படித்தான் ஒரு சட்டி முழுவதையும் கெடுத்தேன். பிறகு உப்பு, கொஞ்சம் சீனி, அரைக் கரண்டி வினாகிரி, கரைத்த சோளமா. கறிவேப்பிலையும் மிளகாய்த்தூளும் போடத்தான் கை போகும், போடாதீர்கள்.

கிரம்பெற் என்பது நம் அப்பத்துக்குச் சொந்தம் போன்றது. 250 கிராம் கோதுமை மா, ஒரு தேக்கரண்டி ஈஸ்ற், உப்பு, இளஞ்சூட்டு நீர் விட்டு அப்ப மாவின் பதத்தில் கரைத்து ஒரு மணித்தியாலம் வையுங்கள். பொங்கியதும் அரைத் தேக்கரண்டி அப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றி இன்னும் இருபது நிமிடம் விடுங்கள். இரு பக்கமும் வெட்டித் துப்புரவாக்கிய மீன் ரின்னை வளையமாகத் தோசைக்கல்லில் வைத்து, எண்ணெய் தடவி, பாதி உயரத்துக்கு ஊற்றுங்கள். நெருப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் மேலெல்லாம் துளை திறந்து காய்ந்துவிடும். அந்தத் துளைகளுக்குள் பட்டர் இறங்குவதுதான் அதன் சுவையே.

பொரித்த மீனும் சிப்ஸும் கேட்டால், வாவிக் கொடுவா போதும். சிப்ஸை இரண்டு தடவை பொரியுங்கள், தென்னங்கள்ளு வினாகிரி தெளித்துக் கொடுங்கள்.

கல்லடி வாசகி:

மூவருக்கும் மனம் நிறைந்த நன்றி. முதல் நாலு கிரம்பெற்றும் துளையில்லாமல் கல்லுப் போல வந்தன, நெருப்பு கூடிவிட்டது. ஐந்தாவதில் துளை திறந்தபோது மச்சாள் குனிந்து பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டார். கௌப்பியை அவர் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். ரின்னில் வருவதைவிட இது கனமானது, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதும் என்றார். தேநீரில் குளிர்ந்த பால் விட்டதும் அம்மாதான் முகம் சுளித்தார்.

பாலாடைக்கு இன்னும் பால் கிடைக்கவில்லை. சித்தாண்டி அக்கா, உங்களிடம் நான்கு லீற்றர் எடுக்க வருவதென்றால் விடியற்காலை எத்தனை மணிக்கு வர வேண்டும், பாத்திரம் நாங்கள் கொண்டுவர வேண்டுமா என்று எழுதுங்கள். ஸ்கோனுக்கு மாவும் ஜாமும் வாங்கி வைத்துவிட்டோம்.