காரின் பின்பக்கம் தட்டுகிறது: ஸ்பிரிங்கை மாற்றாமல் உயரத்தை ஏற்றி இறக்க வழி உண்டா?

நாலாம்கியர்:
அவசரம். சனிக்கிழமை குடும்பத்தோடு ஊருக்குப் போகணும். தெருமுனை வேகத்தடையில் தினமும் வண்டியின் அடி உரசுகிறது. கம்பெனி சஸ்பென்ஷனை அப்படியே வைத்துக்கொண்டு, வேண்டும்போது உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஏதாவது மாட்ட முடியுமா? பட்ஜெட் பத்தாயிரம்.

கிணத்துக்கடவு:
என்ன வண்டி, எந்த வருஷம்? முன்னாலா பின்னாலா? ஒருத்தர் மட்டும் போனாலும் தட்டுகிறதா?

பச்சைக்கொடி:
ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் ரப்பர் பஃபர் செருகுங்கள் பாஸ். என் வண்டியில் மூணு வருஷமாகக் கிடக்கிறது, பஞ்சு மாதிரி போகிறது.

ஓல்டுபேரிங்:
பஞ்சு மாதிரியா! பஃபர் செருகிய சுற்று வேலை செய்யாது. மிச்சச் சுற்றுகள்தான் மொத்த ஆட்டத்தையும் வாங்கும், ஸ்பிரிங் விறைக்கும். உயரமும் பிறகு ஏற்றி இறக்குகிற மாதிரி இருக்காது. இதைப் பத்துத் தடவை எழுதியாகிவிட்டது. பழைய இழைகளைப் படிக்கத்தான் இங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

நாலாம்கியர்:
டிசையர் 2014 பெட்ரோல், 1,40,000 கி.மீ. பின்பக்கம்தான். ரெண்டு பேர் ஏறினாலே தட்டுகிறது.

மரையாணி:
மரை போட்ட ஸ்லீவ் கிடைக்கிறது. பழைய ஸ்ட்ரட்டிலேயே (ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கிற ஷாக் அப்சார்பர்) இறக்கிவிட்டு, வளையத்தைத் திருகினால் ஏறும், இறங்கும். மலிவு.

ஓல்டுபேரிங்:
தம்பி, காணொளி பார்த்து மெக்கானிக் ஆக முடியாது. முன்னால் ஸ்பிரிங் உட்காரும் தட்டு ஸ்ட்ரட்டோடு வெல்டிங். அதை அறுத்தால்தான் ஸ்லீவ் இறங்கும். பின்னால் டார்ஷன் பீம், அதாவது ரெண்டு பின்சக்கரத்தையும் இணைக்கிற முறுக்குத் தண்டு. ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. ஸ்லீவை எதில் மாட்டுவாய்?

கிணத்துக்கடவு:
பின்பக்கம் மட்டும் என்றால், காயில் ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப் பை இருக்கிறது. டயர் மாதிரியே வால்வு. பாரம் ஏற்றும்போது காற்றடித்து, இறக்கியதும் குறைத்துக்கொள்ளலாம். ஸ்பிரிங்குக்குள் பம்ப் ஸ்டாப் (ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது இடி தாங்கும் ரப்பர் கட்டை) இருந்தால் அதற்கு இடம் விட்டுத்தான் பை வரும், பார்த்து வாங்குங்கள். வண்டி தாங்கும் எடை இதனால் கூடாது.

ஆர்டிஓமாமா:
மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தெரியுமா? அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால், 182ஏ-படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

பச்சைக்கொடி:
முதலில் வேகத்தடை போட்டவர்களைப் பிடியுங்கள். இந்தியச் சாலைப் பேரவை சொன்னது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். எங்கள் தெருவில் இருப்பது குட்டிச்சுவர்.

ஆர்டிஓமாமா:
25 கி.மீ. வேகத்துக்கான அளவு அது. நீங்கள் எவ்வளவில் ஏறுகிறீர்கள்?

பச்சைக்கொடி:
நடந்து போனாலே தடுக்கும் சார்.

மரையாணி:
டயர் அளவை 185/65-இலிருந்து (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம்) 185/70 ஆக்கினால் உயரம் 9 மி.மீ. கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓல்டுபேரிங்:
ஸ்பீடோமீட்டர் காட்டுவது குறையும். அதையும் கணக்குப் போடு.

கிணத்துக்கடவு:
இழையைக் கெடுக்காதீர்கள். நாலாம்கியர், டிக்கியில் என்ன இருக்கிறது?

நாலாம்கியர்:
சிஎன்ஜி சிலிண்டர், 60 லிட்டர். சொல்லவில்லையோ?

ஓல்டுபேரிங்:
சொல்லவில்லை. வெறும் சிலிண்டரே ஒரு ஆள் எடை. அது ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஏறியிருக்கிறதா?

புதுசாவந்தவன்:
அண்ணே, நான் இங்கே புதுசு. சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து நாலு சக்கரமும் அளந்து போடுங்களேன்.

நாலாம்கியர்:
முன்னால் ரெண்டும் 372. பின்னால் வலது 355, இடது 337. எல்லாம் மி.மீ.

புதுசாவந்தவன்:
சிலிண்டர் குறுக்கே படுத்திருந்தால் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இறங்கும். இடதில் மட்டும் 18 மி.மீ. குறைகிறதே. பை வாங்குமுன் சக்கரத்தைக் கழற்றி அந்த ஸ்பிரிங்கின் கீழ்நுனியைத் தடவிப் பாருங்கள்.

ஓல்டுபேரிங்:
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

(ஆறு நாள் கழித்து)

நாலாம்கியர்:
இடது ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்து, துருவேறிய துண்டு தட்டிலேயே கிடந்தது. ரெண்டு பக்கமும் புதுசு போட்டேன். பை போடவில்லை. இப்போது 366, 365. நன்றி.

மரையாணி:
சாதாரண ஸ்பிரிங்கா, சிஎன்ஜி வண்டிக்கு வருகிற ஸ்பிரிங்கா? எவ்வளவு ஆச்சு?

மரையாணி:
அண்ணே?