லேசான மஞ்சள் உள்ள பிள்ளைக்கு ராவில் பால் கொடுத்த கதைகள்

கல்லடிக்காரி:
ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்னது இவ்வளவுதான்: மகளுக்கு லேசாக மஞ்சள் (செங்கண்மாரி) இருக்கு, நீல லைட்டில் வைத்துக் குறைக்கிற அளவுக்கு இல்லை, தாய்ப்பால் மட்டும் கொடுங்க, ராவிலும் எழுப்பிக் கொடுங்க. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் பொழுதுபட்டுப் படுக்கிற பிள்ளை அசையவே மாட்டாள். மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "எவ்வளவு அமைதியான புள்ள, எழுப்பாத மகள், தூங்கினாத்தான் உடம்பு வைக்கும்" என்று பக்கத்திலேயே காவல் இருந்தார். அம்மா இன்னொரு பக்கம் காயச் சரக்கு அரைத்து, பால்சுறா வறுத்து, "நீ சாப்பிட்டுப் படு, பால் தன்னால ஊறும்" என்கிறார். எனக்கோ தையல் நோ, முதுகு நோ, எழும்பவே மனமில்லை. ஆனால் 24 மணித்தியாலத்தில் 8 தொடக்கம் 12 தரம் குடிக்க வேண்டும் என்றால், பகலில் என்னதான் விழுந்து விழுந்து கொடுத்தாலும் ராவுக்கு மூன்று நான்கு தரம் மிஞ்சத்தான் செய்யும். அதனால் மாமியோடு வாதாடப் போகாமல் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா போனில் அலாரம் வைத்தேன்.

எழுப்புகிறதுதான் பெரிய வேலை. நம்மட ஊரில் பிள்ளையைப் பொதி மாதிரிச் சுற்றி வைப்பார்கள், அதுவும் கச்சான் காற்று அடிக்கிற மாதம், அந்தச் சூட்டில் எந்தப் பிள்ளை கண் திறக்கும்? முதலில் சுற்றின துணியைக் கழற்றுவேன். பிறகு நெப்பி மாற்றி, ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்து, உடுப்பில்லாமல் நெஞ்சோடு போட்டால் கொஞ்ச நேரத்தில் வாயைச் சப்புவாள், அந்த நேரம் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும். நாலு இழுவை இழுத்துவிட்டுத் திரும்பத் தூங்கினால் மார்பை மெதுவாக அமத்துவேன், பால் வாயில் விழுந்ததும் மறுபடி விழுங்குவாள். அதுவும் நின்றால் மற்றப் பக்கம். சும்மா வாயில் வைத்துக்கொண்டு கிடக்கிறதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை, விழுங்குகிற சத்தம் கேட்டால்தான் குடித்தது என்று அர்த்தம்.

உங்களுக்கெல்லாம் எப்படி இருந்தது?

ஓய்வுபெற்ற மிட்வைஃப், களுவாஞ்சிக்குடி:
நல்ல காரியம் செய்தீங்க மகள். பிறக்கிற பிள்ளைகளில் 100க்கு 60 பேருக்கு முதல் கிழமையில் மஞ்சள் வரும், குறைமாதப் பிள்ளைகள் என்றால் 80 பேருக்கு. பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்கிற மஞ்சள் பொருள் உண்டாகுது, புதுப்பிள்ளையின் ஈரலுக்கு அதை முழுக்கச் சமாளிக்கிற பலம் இன்னும் வரவில்லை. ஈரல் தள்ளிவிட்ட பிலிருபின் மலத்தோடுதான் வெளியே போக வேண்டும். மலம் போகாமல் குடலில் கிடந்தால் திரும்ப ரத்தத்துக்கே ஏறிவிடும். சீம்பாலுக்கு அந்தக் கறுத்த முதல் மலத்தை இளக்கித் தள்ளுகிற குணம் உண்டு, அதனால்தான் அடிக்கடி கொடுக்கச் சொல்கிறது.

மஞ்சள் கூடினால் பிள்ளை தூங்கும், தூங்கினால் குடிக்காது, குடிக்காவிட்டால் மஞ்சள் இன்னும் கூடும். நான் வேலை செய்த காலத்தில் வீட்டுக்குப் போகும்போது "அமைதியான புள்ள" என்று யாராவது சொன்னால் முதல் வேலையாக நெப்பியைத்தான் அவிழ்த்துப் பார்ப்பேன். 5ஆம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 6 தரமாவது மூத்திரம் போக வேண்டும், மலம் கறுப்பிலிருந்து பச்சையாகி மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். குளுக்கோஸ் தண்ணீர், சீனித் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர் ஒன்றும் வேண்டாம். தண்ணீர் வயிற்றைத்தான் நிரப்பும், பிலிருபினை இறக்காது, போயிருக்க வேண்டிய பாலும் போகாமல் போய்விடும். இன்னொன்று, பால் சுரக்கவைக்கிற ஹோர்மோன் ராவில்தான் கூட இருக்கும். ராவில் கொடுக்கிற தாய்க்குப் பகலிலும் பால் குறையாது.

ஏறாவூர் வாப்பா:
இங்கே ஆம்பிளைகள் யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுறேன். பால் கொடுக்கிறது மட்டும்தான் அவவால் முடியும், மற்ற எல்லாம் நம்மளால் முடியும். அலாரம் என் போனில், எழுப்புறதும் நெப்பி மாற்றுறதும் நான், அவ படுத்தபடியே கொடுப்பா, அப்புறம் தோளில் போட்டுத் தட்டுறதும் நான். கலண்டரில் நேரமும் மலம், மூத்திரமும் குறிச்சு வைச்சேன். கிளினிக்கில் நேர்ஸ் அதைப் பார்த்துட்டு வேறு கேள்வியே கேட்கவில்லை.

"ராவைக்கு ஒரு போத்தல் பால்மா கொடுத்தா மனுசி நித்திரை கொள்ளலாமே" என்று என் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். டொக்டரிடம் கேட்டோம், தாய்ப்பால் போதும், பிள்ளை இழுக்கக் களைச்சுப் போனால் பிழிந்து எடுத்துச் சின்னக் கோப்பையால் கொடுங்க என்றார். ரெண்டு ராவு அப்படித்தான் ஓடினது. கோப்பையில் கொடுக்கும்போது பிள்ளையை நிமிர்த்திப் பிடிச்சு, உதட்டில் கோப்பையைத் தொடவிட்டால் தானாக நக்கிக் குடிக்கும், ஊற்றக் கூடாது.

இன்னொரு விசயம், ராவில் பல்ப் வெளிச்சத்தில் பிள்ளையைப் பார்த்துப் பயப்படாதீங்க. எங்கட அறையில் மஞ்சள் பல்ப், அதில் நானே செங்கண்மாரி வந்தவன் மாதிரித்தான் தெரிவேன். காலையில் வாசலடி வெளிச்சத்தில் நெஞ்சையோ மூக்கு நுனியையோ விரலால் அமத்தி எடுங்க, தோல் மஞ்சளாத் தெரியுதா என்று பாருங்க. நிறம் கறுத்த பிள்ளை என்றால் கண் வெள்ளையையும் முரசையும் (ஈறு) பாருங்க.

அக்கரைப்பற்று உம்மா:
எங்கட வீட்டில் இளவெயில் கதைதான். உம்மாவும் மாமியும் காலையில் முற்றத்தில் பிள்ளையைக் காட்டினால் மஞ்சள் இறங்கிவிடும் என்று நம்பினவங்க. வெயிலில் கொஞ்சம் குறையலாம், ஆனால் எவ்வளவு குறைந்தது என்று யாருக்குத் தெரியும்? அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறதுதான் ஆபத்து. மகனுக்கு மஞ்சள் தொடை வரைக்கும் பரவின அன்றைக்கு ரத்தம் பார்த்தோம், லைட்டில் வைச்சாங்க. வைக்கிறதா இல்லையா என்பதற்கு ரத்தத்தில் வந்த பிலிருபின் இலக்கம் மட்டும் போதாதாம், பிள்ளைக்கு எத்தனை மணித்தியால வயது என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பாங்களாம். நீல லைட், கண்ணைக் கட்டியிருப்பாங்க, பார்க்க வயிறு எரியும். ஆனால் பால் கொடுக்க வெளியே எடுக்க விடுவாங்க, ராவிலும் அதே நேரக் கணக்குத்தான். பச்சையாத் தண்ணி மாதிரி மலம் போகும், பயந்திடாதீங்க, லைட்டில் இருக்கிற பிள்ளைக்கு அப்படிப் போறதுதானாம்.

எழுப்பியும் எழும்பாத பிள்ளை, சூப்பப் பலமில்லாத பிள்ளை, கீச்சுக் குரலில் அழுகிற அல்லது முதுகை வளைக்கிற பிள்ளை, உள்ளங்கை உள்ளங்காலுக்கு மஞ்சள் வந்த பிள்ளை என்றால் விடியும்வரை பார்க்க வேண்டாம். இலங்கையில் 1990 என்ற நம்பருக்கு போன் அடிங்க, அம்புலன்ஸ் இலவசம். பிறந்த முதல் 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும் அதேதான்.

தம்பிலுவில் சின்னம்மா:
யாரும் சொல்லாத ஒன்று. மூத்த பிள்ளையின் உடுப்பைப் பூச்சி உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தால் அதை இளையதுக்குப் போடாதீங்க. ஜி6பிடி என்கிற, சிவப்பணுக்களைக் காக்கிற என்சைம் குறைவாக உள்ள பிள்ளைக்கு அந்த நெப்தலின் மணமே சிவப்பணுக்களை உடைக்கும், மஞ்சள் விறுவிறென்று ஏறும்.

செங்கலடி புதுத்தாய்:
என்ர மகனுக்கு மூன்று கிழமை ஆகுது. ராவில் தானாகவே எழும்பிக் குடிக்கிறான், நிறையும் ஏறுது. ஆனால் கண் இன்னும் மஞ்சள். பக்கத்து வீட்டு அக்கா பாலை ரெண்டு நாள் நிப்பாட்டிப் பார் என்கிறா. செய்யலாமா?

ஓய்வுபெற்ற மிட்வைஃப், களுவாஞ்சிக்குடி:
நிப்பாட்டாதீங்க. தாய்ப்பாலால் வருகிற மஞ்சள் ரெண்டு மூன்று மாதம்கூட நிற்கும், நல்லாக் குடித்து வளர்கிற பிள்ளைக்கு அதால் கெடுதல் இல்லை. ஆனால் அது அதுதான் என்று வீட்டிலிருந்து நாம் முடிவெடுக்க ஏலாது. மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைக்கு 14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். மலம் என்ன நிறம்? மூத்திரம் துணியில் கறை பிடிக்குதா?

செங்கலடி புதுத்தாய்:
மலம் மஞ்சள்தான் அன்ரி. மூத்திரம் கொஞ்சம் நிறமாக இருக்கிற மாதிரித் தெரியுது, சரியாகக் கவனிக்கவில்லை. வியாழக்கிழமை கிளினிக் இருக்கு, அப்போது காட்டுறேன்.

ஓய்வுபெற்ற மிட்வைஃப், களுவாஞ்சிக்குடி:
வியாழன் வேண்டாம் மகள், நாளைக்குக் காலையிலேயே போங்க. இந்த வயதுப் பிள்ளையின் மூத்திரத்துக்கு நிறம் இருக்கக் கூடாது. மலம் வெளிறினால் பித்தக்குழாய் அடைப்பா என்று பார்க்க வேண்டும், அதற்குச் செய்கிற ஒப்பரேஷன் பிறந்து 60 நாளுக்குள் செய்தால்தான் கூடப் பலன். போகும்போது நெப்பி ஒன்றைக் கழற்றி பையில் போட்டுக் கொண்டு போங்க, டொக்டர் கேட்பார்.