தாய்லாந்து 40 உய்குர்களை சீனாவுக்கு அனுப்புனதுக்கும் ஐரோப்பா வர்த்தக ஒப்பந்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

பாசிர்பாஞ்சாங்_செல்வா:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க சிங்கப்பூர்ல ஒரு டிரேடிங் கம்பெனில ஷிப்பிங் டாக்குமெண்ட் பார்க்குறேன், தாய்லாந்துல இருந்து டின்ல அடைச்ச டூனா, ரப்பர் கிளவுஸ் எல்லாம் எடுத்து ரோட்டர்டாமுக்கு அனுப்புறதுதான் பாதி வேலை. டின் டூனாவுக்கு ஐரோப்பாக்காரன் 24% வரி போடுறான், தாய்லாந்துக்கு முன்னாடி கொஞ்சம் சலுகை இருந்துச்சு, 2015ல அதையும் எடுத்துட்டாங்க. அதனால எங்க பாஸ் தாய்லாந்து ஐரோப்பா எஃப்டிஏ, அதாவது தடையில்லா வர்த்தக ஒப்பந்தம், எப்ப முடியும்னு பார்த்துக்கிட்டே இருக்காரு, 2023ல பேச்சுவார்த்தை திரும்ப ஆரம்பிச்சதுல இருந்து இதே பேச்சுதான் ஆபீஸ்ல.

2025 பிப்ரவரி 27ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி தாய்லாந்து 40 உய்குர் ஆளுங்களை (சீனாவோட ஷின்ஜியாங் பகுதி முஸ்லிம் சிறுபான்மையினர்) வண்டில ஏத்தி சீனாவுக்கு அனுப்புச்சு, பத்து வருசத்துக்கு மேல அவங்களை உள்ள வச்சிருந்துட்டு. ரெண்டு வாரம் கழிச்சு மார்ச் 13 ஐரோப்பிய பாராளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டு, எஃப்டிஏ பேச்சுவார்த்தையை வச்சு தாய்லாந்தை அழுத்துங்கன்னு சொல்லுச்சு. அதுல உய்குர் விஷயம் மட்டும் இல்ல, அரச குடும்பத்தை அவமதிச்சா ஜெயில்னு சொல்ற 112ஆம் பிரிவையும் திருத்தணும்னு இருக்கு.

இப்ப என் கேள்வி. ஆளுங்களை நாடு கடத்துறது போலீஸ், குடிநுழைவு விவகாரம், டூனாவுக்கு வரி எவ்வளவுங்கிறது வேற டிபார்ட்மெண்ட். ரெண்டும் எப்படி ஒரே மேசைக்கு வருது? இதனால நிஜமாவே ஒப்பந்தம் நிக்குமா இல்ல சும்மா பேச்சா? அதைவிட முக்கியமா, இப்படி அழுத்துனதால கடத்தப்பட்ட ஆளுங்களுக்கு எங்கயாவது எப்பவாவது நல்லது நடந்திருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செங்காங்_மீனா:

செல்வா, ஐரோப்பால யார் கையெழுத்து போடுறாங்கன்னு பார்த்தா பாதி புரிஞ்சிடும். பேரம் பேசுறது ஐரோப்பிய ஆணையம். அதுக்கு அனுமதி குடுக்குறது உறுப்பு நாடுகளோட மன்றம். ஆனா கடைசியா பாராளுமன்றம் சரின்னு சொல்லணும், லிஸ்பன் ஒப்பந்தம் 2009ல வந்ததுல இருந்து அவங்க ஒப்புதல் இல்லாம எந்த பெரிய வர்த்தக ஒப்பந்தமும் போக முடியாது. மார்ச்ல போட்ட தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது, ஆணையம் அதை ஓரமா வச்சுட்டு டூனா வரியைப் பத்தி பேசிட்டே இருக்கலாம். ஆனா அதே எம்பிங்ககிட்டதான் கடைசில ஓட்டு கேட்டு போகணும். 2012ல ஆக்டான்னு ஒரு போலிப்பொருள் தடுப்பு ஒப்பந்தத்தை பாராளுமன்றம் ஓட்டு போட்டு கொன்னே போட்டுச்சு, அதுக்கு முன்னாடியே ஐரோப்பிய ஒன்றியம் கையெழுத்து போட்டிருந்தும் கூட. அதனால பேரம் பேசுறவங்களுக்கு அந்த நெனப்பு எப்பவும் இருக்கும்.

நல்லது நடந்திருக்கான்னு கேட்டீங்களே, வியட்நாமைப் பாருங்க. 2019ல தொழிலாளர் சட்டத்தை மாத்துனாங்க, கூட்டா பேரம் பேசுற உரிமை பத்தின ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) 98ஆம் உடன்பாட்டுல சேர்ந்தாங்க, அடுத்த வருசம் கட்டாய வேலையை ஒழிக்கிற 105லயும் சேர்ந்தாங்க. அத்தனை வேகத்துக்கு எஃப்டிஏவும் ஒரு முக்கிய காரணம். 2020 பிப்ரவரில பாராளுமன்றம் ஓகே சொல்லிடுச்சு, ஆகஸ்ட் 1ல ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துடுச்சு. ஆனா இதுல எனக்கு வயிறு எரியிற ஒரு பகுதியும் இருக்கு. பாம் சி ஜுங்னு ஒரு பத்திரிகையாளர், மனித உரிமை சரியாகுற வரைக்கும் இந்த ஒப்பந்தத்தை தள்ளிப் போடுங்கன்னு ஐரோப்பிய பாராளுமன்றத்துக்கு வேண்டுகோள் விட்டாரு, 2019 நவம்பர்ல அவரை பிடிச்சிட்டாங்க. அவர் உள்ள இருக்கும்போதுதான் ஓட்டெடுப்பே நடந்துச்சு. 2021 ஜனவரில 15 வருசம் ஜெயில். அப்ப ஒப்பந்தம் கையெழுத்தாகி சரக்கு போய்க்கிட்டு இருந்துச்சு, யாரு என்ன பண்ண முடியும்.

என் கருத்து என்னன்னா கையெழுத்துக்கு முன்னாடிதான் பிடி இருக்கு. அப்புறம் அறிக்கை விடலாம், கூட்டம் போடலாம், அவ்வளவுதான்.

யாழ்_ரவி:

தம்பி செல்வா, மீனா சொன்னது எஃப்டிஏ. எங்கட நாட்டுக்கு நடந்தது வேற மாதிரி, அதையும் சொல்லுறன், ஏனெண்டா இலங்கைத் தமிழருக்கு இந்தக் கதை நல்லாத் தெரியும், ஆனா இஞ்ச சிங்கப்பூரில கனபேர் கேள்விப்பட்டிருக்க மாட்டினம்.

2005இல சுனாமிக்குப் பிறகு இலங்கைக்கு ஐரோப்பா ஜிஎஸ்பி பிளஸ் குடுத்தது. அதெண்டால் வரி இல்லாமல் உடுப்பு அனுப்பலாம், ஆனா மனித உரிமை, தொழிலாளர், சூழல் எண்டு 27 சர்வதேச உடன்பாடுகளை நடைமுறைப்படுத்த வேணும். அதே 2005இலதான் ஐரோப்பாவுக்கும் இலங்கைக்கும் இடையில ஆக்களைத் திருப்பி எடுக்கிற உடன்படிக்கையும் நடைமுறைக்கு வந்தது. அங்க அகதி விண்ணப்பம் தள்ளுபடியான ஆக்களை இலங்கை திருப்பி எடுக்க வேணும் எண்டதுதான் அதின்ர சாரம். நான் இந்த இரண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பார்க்கச் சொல்லுறன். ஒரு கையால மனித உரிமையைக் காப்பாற்று எண்டு நிபந்தனை, மற்றக் கையால பயந்து ஓடி வந்தவனை நீயே எடு எண்டு ஒப்பந்தம்.

பிறகு யுத்தம். 2008இல விசாரணை தொடங்கி, சித்திரவதைக்கு எதிரான உடன்பாடு, குடியியல் அரசியல் உரிமை உடன்பாடு, சிறுவர் உரிமை உடன்பாடு மூண்டும் மீறப்பட்டிருக்கு எண்டு முடிவு சொல்லி 2010 ஆகஸ்டில சலுகையை நிப்பாட்டினவை. அதுக்கு முதல் 15 நிபந்தனை போட்டு எழுத்தில உறுதி கேட்டவை, ராஜபக்ச அரசாங்கம் ஏலாது எண்டு சொல்லீட்டுது. அடி விழுந்தது ஆருக்கு? கட்டுநாயக்க உடுப்பு ஃபாக்டரியளில மெஷினுக்கு முன்னால இருந்த பெட்டையளுக்கும் சின்ன ஃபாக்டரியளுக்கும். பெரிய கம்பனியள் சமாளிச்சிட்டினம். அந்த ஏழு வருசத்தில வடக்கில ஒரு ஆளாவது அதால வெளிய வந்ததா எண்டு கேட்டால் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

ஆனா கதை அதோட முடியேல்லை. 2017 மே மாசம் சலுகை திரும்பி வந்தது, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாத்துவம் எண்ட வாக்குறுதியோட. மாத்தேல்லை. 2021 ஜூன் 10ஆம் திகதி ஐரோப்பியப் பாராளுமன்றம் சலுகையைத் தற்காலிகமா நிப்பாட்டுறதைப் பற்றி யோசியுங்கோ எண்டு தீர்மானம் போட்டது. ஜூன் 24 பொசன் தினத்தில அந்தச் சட்டத்தில அடைபட்டிருந்த 16 தமிழ்க் கைதியள் பொதுமன்னிப்பில வெளிய வந்தவை. 2022இல சட்டத்தில சின்னத் திருத்தமும் வந்தது. நான் இந்த இரண்டு திகதியையும் சேர்த்துத்தான் பார்க்கிறன். பறிச்ச காலத்தில நடக்காதது, பறிப்பம் எண்டு வெருட்டின காலத்தில நடந்தது. அந்த 16 குடும்பத்துக்கும் அது சின்ன விசயமில்லை.

உட்லண்ட்ஸ்_ஹமீது:

மீனா, ரவி அண்ணன் ரெண்டு பேரும் சொன்னதை நான் மறுக்கல, ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க. இது எல்லாம் சின்ன நாட்டு மேலதான் செல்லும்.

1994 மே மாசத்தை எடுத்துக்குங்க. மே 5ஆம் தேதி இங்க மைக்கல் ஃபேங்கிற அமெரிக்கப் பையனுக்கு பிரம்படி, கார்ல பெயிண்ட் அடிச்ச கேஸ், அமெரிக்க அதிபர் கிளிண்டன் கேட்டுக்கிட்டதால ஆறு அடியை நாலா குறைச்சாங்க. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி மிக்கி கேண்டர் அப்ப வெளிப்படையா சொன்னாரு, டபிள்யூடிஓவோட (உலக வர்த்தக அமைப்பு) முதல் அமைச்சர்நிலைக் கூட்டத்தை சிங்கப்பூர்ல நடத்துறதை எதிர்ப்போம்னு. அதே மே மாசம் 26ஆம் தேதி அதே கிளிண்டன், சீனாவோட வர்த்தகச் சலுகையையும் மனித உரிமையையும் இனிமே முடிச்சுப் போட மாட்டோம்னு அறிவிச்சாரு, தியானன்மென் சதுக்கத்துல போராடுனவங்களை சீன ராணுவம் சுட்டு அஞ்சு வருசம் கூட ஆகல. நாலு பிரம்படிக்கு ஒரு நியாயம், அதுக்கு ஒரு நியாயம்.

கூட்டம் 1996 டிசம்பர்ல இங்கதான் நடந்துச்சு. அதுல வந்த சிங்கப்பூர் பிரகடனத்தோட நாலாவது பத்தி என்னன்னா, தொழிலாளர் தரத்தை பார்க்க வேண்டியது ஐஎல்ஓ, அதை சாக்கா வச்சு சந்தையை மூடக்கூடாது. அதாவது டபிள்யூடிஓல இந்தக் கதவை சாத்துனதே நம்ம ஊர்லதான். அதுக்கப்புறம்தான் பணக்கார நாடுங்க ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியா கூப்பிட்டு எஃப்டிஏ, ஜிஎஸ்பின்னு இதை திணிக்கிறது பெருசாச்சு. தனியா உக்காந்தா சின்னவன் என்ன பேசுவான்?

இன்னொன்னு, இப்ப காத்து அடிக்கிற திசையே வேற. செல்வா கேட்டது ஏன்டா நாடு கடத்துனேன்னு வர்த்தகத்தை வச்சு கேக்குறது. அமெரிக்கா இப்ப பண்றது நான் கடத்துற ஆளை ஏன்டா எடுக்கலன்னு வர்த்தகத்தை வச்சு அடிக்கிறது. 2025 ஜனவரி 26, ஞாயித்துக்கிழமை, கொலம்பியா அதிபர் பெட்ரோ ராணுவ விமானத்துல ஆளுங்களை அனுப்புனா இறங்க விடமாட்டேன், மரியாதையா அனுப்புன்னு சொன்னாரு. உடனே டிரம்ப் 25% வரி, ஒரு வாரத்துல 50%ன்னாரு. கொலம்பியா காதலர் தினத்துக்கு அமெரிக்காவுக்கு பூ ஏத்துற நேரம், காப்பி வேற. ராத்திரிக்குள்ள கொலம்பியா இறங்கி வந்துடுச்சு. ரெண்டு நாட்டுக்கும் 2012ல இருந்து எஃப்டிஏ நடைமுறைல இருக்கு, அதை யாரும் ஒரு பொருட்டாவே எடுத்துக்கல. அந்த எஃப்டிஏவே 2006ல கையெழுத்தாகி அஞ்சு வருசம் அமெரிக்க காங்கிரஸ்ல கிடந்தது எதனாலன்னு தெரியுமா, கொலம்பியால தொழிற்சங்கக்காரங்களை சுட்டுக் கொல்றாங்கன்னுதான்.

நம்ம ஆளுங்களுக்கு நடந்ததையும் சொல்லணும். 2025 பிப்ரவரி 5 அமிர்தசரஸ்ல 104 இந்தியர்களை கைல கால்ல சங்கிலி போட்டு ராணுவ விமானத்துல கொண்டாந்து இறக்குனாங்க. அடுத்த வாரம் 13ஆம் தேதி மோடி வாஷிங்டன்ல, 2030க்குள்ள வர்த்தகத்தை 500 பில்லியன் டாலராக்குறோம்னு அறிவிப்பு. பாராளுமன்றத்துல ஜெய்சங்கர் சொன்னது, இது புதுசு இல்ல, 2012ல இருந்தே கட்டித்தான் கொண்டு வர்றாங்கன்னு. பேச்சுவார்த்தை கெட்டுடக்கூடாதுங்கிற கவலை அந்த பதில்ல தெரியுது. அந்த சங்கிலிக்கு யார் விலை குடுத்தா? ஆகஸ்ட் மாசம் இந்தியப் பொருள் மேல அமெரிக்க வரி 50% ஆச்சு, அடக்கி வாசிச்சும் ஒண்ணும் மிச்சமாகல.

பாசிர்பாஞ்சாங்_செல்வா:

ஹமீது பாய், மே 1994 விஷயம் எனக்கு தெரியவே தெரியாது, ரெண்டும் ஒரே மாசம்னு படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ரவி அண்ணே, அந்த 16 பேர் விஷயத்துக்கு நன்றி.

ஆனா ஒண்ணு புரியல. தாய்லாந்துக்கு ஐரோப்பா ஒப்பந்தம் அவ்வளவு வேணும்னா ஏன் அந்த 40 பேரை அனுப்புனாங்க? ரெண்டு வாரத்துல தீர்மானம் வரும்னு தெரியாதா?

செங்காங்_மீனா:

தெரியாம இருக்காது செல்வா. 2015 ஜூலைலயும் இதே மாதிரி நூறு பேருக்கு மேல அனுப்புனாங்க, அப்பவும் உலகம் பூரா கத்துச்சு. இந்த தடவை மத்த நாடுங்க எடுத்துக்க முன்வந்தும் சீனா கோபப்பட்டா நம்ம மக்களுக்கு பாதிப்பு வரும்னு தாய்லாந்து தரப்புலயே ஒத்துக்கிட்டாங்க. அவங்களோட பெரிய வர்த்தகக் கூட்டாளி சீனா. அதாவது அந்த 40 பேரை அனுப்புனதும் வர்த்தகக் கணக்கோட சேர்ந்ததுதான், ஐரோப்பா கேக்குறதும் அப்படித்தான், நடுவுல மாட்டுனது அவங்க. தடுப்பு முகாம்லயே அஞ்சு பேர் செத்துப் போயிருக்காங்க, அதுல பச்சக்குழந்தையும் உண்டு.

ஹமீது அண்ணே சொன்ன மாதிரி சின்னவன் மேலதான் செல்லும்ங்கிறது உண்மை, ஆனா முழுசா அப்படி இல்ல. 1974ல அமெரிக்கா ஜாக்சன் வானிக் திருத்தம்னு கொண்டாந்துச்சு, சோவியத் யூனியன் தன் மக்களை, முக்கியமா யூதர்களை, வெளிய போக விட்டாதான் சாதாரண வர்த்தக உறவுன்னு. எதிர்ல இருந்தது சின்ன நாடா? முதல்ல சோவியத் முரண்டு பிடிச்சு ஆளுங்களை விடுறதை குறைச்சுச்சு, ஆனா அந்த சட்டம் அங்கேயே இருந்துச்சு, எண்பதுகளோட கடைசில கதவு திறந்தப்போ லட்சக்கணக்குல வெளிய வந்தாங்க. அப்ப சோவியத் தலைவரா இருந்த கொர்பச்சேவ்தான் முக்கிய காரணம், சரி, ஆனா அவருக்கு வர்த்தகம் தேவைப்பட்டுச்சுங்கிறதும் காரணம். அப்ப ஆளை வெளிய விடுன்னு வர்த்தகத்தை வச்சு கேட்ட அதே நாடுதான் இப்ப ஆளை எடுத்துக்கன்னு கேக்குது.

நம்ம சிங்கப்பூருக்கும் இது வந்துச்சு. 2019 பிப்ரவரில நம்ம ஐரோப்பா எஃப்டிஏவுக்கு பாராளுமன்றம் ஒப்புதல் குடுத்தப்போ கூடவே மரண தண்டனையை நிறுத்தி வைங்கன்னும் கேட்டாங்க. நவம்பர்ல ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துச்சு. 2022 ஏப்ரல்ல போதைப்பொருள் கேஸ்ல நாகேந்திரனை இங்க தூக்குல போட்டப்போ ஐரோப்பிய ஒன்றியம் எதிர்ப்பு தெரிவிச்சது, வரி அட்டவணைல ஒண்ணும் அசையல. சரி தப்பு பத்தி இங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கருத்து இருக்கும், அதை இந்த திரில பேச வேணாம், கையெழுத்துக்கு அப்புறம் பிடி இல்லன்னு நான் முதல்ல சொன்னதுக்கு இது பக்கத்துலயே இருக்குற உதாரணம்.

யாழ்_ரவி:

மீனா சொன்னதில ஒண்டு சேர்க்கிறன். கையெழுத்துக்குப் பிறகு பிடி இல்லை எண்டது எஃப்டிஏக்குச் சரி. ஜிஎஸ்பி ஒரு பக்கமாக் குடுக்கிற சலுகை, எப்பவும் திருப்பி எடுக்கலாம். 2020 ஆகஸ்டில கம்போடியாவுக்கு ஏற்றுமதியில கிட்டத்தட்ட ஐஞ்சில ஒரு பங்குக்குச் சலுகையை எடுத்தவை, எதிர்க்கட்சியைக் கலைச்சதுக்காக. அப்ப பிரதமரா இருந்த ஹுன் சென் அசையேல்லை. இப்ப என்ர கவலை வேற: 2021இல ஆணையம் கொண்டு வந்த புது ஜிஎஸ்பி வரைவில, ஆக்களைத் திருப்பி எடுக்காத நாட்டுக்குச் சலுகையை நிப்பாட்டலாம் எண்டும் எழுதினவை. மனித உரிமைக்காக வச்ச பூட்டிலேயே நாடு கடத்தலுக்கும் ஒரு சாவி செய்யினம். எங்கட பெடியள் லண்டனிலயும் பாரிஸிலயும் விசா இல்லாமல் இருக்கிறவை இன்னும் கனபேர்.

உட்லண்ட்ஸ்_ஹமீது:

செல்வா, உங்க பாஸ்கிட்ட சொல்ல ஒரு விஷயம். எஃப்டிஏ எப்ப முடியும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதை நம்பி விலை பேச வேணாம், 24% இருக்குன்னே கணக்கு போடச் சொல்லுங்க. ஆனா 2027 டிசம்பர் 14ல இருந்து கட்டாய உழைப்புல செஞ்ச பொருளை ஐரோப்பால விக்க முடியாதுன்னு சட்டம் வந்தாச்சு, அது எஃப்டிஏ இருந்தாலும் இல்லாட்டியும் செல்லும். டூனா படகுல வேலை செய்யிற மியன்மார், கம்போடியா ஆளுங்க யாரு, பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு, சம்பளம் எப்படி போகுதுன்னு சப்ளையர்கிட்ட இப்பவே எழுதி கேளுங்க. அவங்களும் புகார் குடுத்தா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்துதான் வாய் திறக்கிறதில்ல.

பாசிர்பாஞ்சாங்_செல்வா:

சரி பாய். திங்கக்கிழமை சப்ளையருக்கு போற மெயில்ல இந்த மூணு கேள்வியையும் சேர்த்துடுறேன், பாஸ்கிட்ட முதல்ல பேசிட்டு. பதில் வந்தா இங்கயே போடுறேன்.